அரைவாய் இங்கிலீஷ்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை ஏழு நாற்பது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. ஆடிக் காற்று மாரண்டஹள்ளித் தெருக்களில் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. எங்கள் முருங்கையில் ஒரு கிளை முந்தின நாளே ஒடிந்து தொங்கியது. நான் நாலாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த என் மகன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், பக்கத்திலிருந்த மருமகளிடம் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னான். அவள் பதிலுக்கு ஒன்று சொன்னாள். இரண்டும் சேர்ந்து ஐந்து விநாடி இருக்கும். அதில் எனக்குப் பிடிபட்டவை மூன்றே சொற்கள்: அவர், முழங்கால், செப்டம்பர். மீதியெல்லாம் தண்ணீரில் விழுந்த உப்பாகக் கரைந்துவிட்டது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்தவன். பழைய ஆவணங்கள் எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கும். அவற்றைப் படித்து, அதே மொழியில் மேலிடத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒரு குறிப்பும் பிழை என்று திரும்பி வந்ததில்லை. ஆனால் என் இங்கிலீஷ் முழு இங்கிலீஷ். ஒவ்வொரு சொல்லும் தன் எல்லைக் கல்லோடு தன் இடத்தில் நிற்கும். இவர்கள் பேசியது வேறு. கல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரே காடாக உழுத மாதிரி இருந்தது.

அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதை அப்போதே கவனித்தேன். அதற்கு என்ன பொருள் என்று தெரியத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

முழங்கால் அவளுடையது. வலது கால். பின்வாசலில் இருக்கும் மூன்று படியை அவள் ஏணியில் இறங்குவது போலத் திரும்பி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். மாடிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்த நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட அதில் ஏறவில்லை. பஸ்ஸின் முதல் படி அவளுக்கு மலை. ஓசி டிக்கெட் ஒன்றாவது வாங்கிப் பார்க்காமல் போய்விடுவேன் போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தாலும் அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

மூட்டை மாற்றி வைக்க வேண்டும் என்று சேலத்து மருத்துவர் சொல்லி ஐந்து வருடம். இரண்டு முறை நாள் குறித்தார்கள், இரண்டு முறையும் நான் நிறுத்தினேன். காரணம் இல்லாமல் நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்து ஐந்து பேர் அந்த அறுவை செய்துகொண்டார்கள். மூன்று பேர் நன்றாக நடக்கிறார்கள். ஒருவர் நாற்காலியோடு இருக்கிறார். என்னோடு வேலை பார்த்த ஒருவர் உள்ளே போனார், நாலாம் நாள் நெஞ்சு நின்றுவிட்டது. மூன்று பெரியதா ஒன்று பெரியதா என்று கேட்டால் கணக்குப்படி மூன்றுதான். ஆனால் என் வீட்டில் இருப்பது ஒருத்தி.

ஆகவே அன்று காலை அந்த மூன்று சொற்கள் காதில் விழுந்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. என்னைத் தள்ளி வைத்துவிட்டு இவளை அறுவைக்குக் கொண்டுபோகத் திட்டம் போடுகிறார்கள். எப்போது, எங்கே, என்ன சொல்லி அழைத்துப் போவார்கள் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

இப்படி நினைக்க எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் எல்லைப் பக்கத்தில் பாதி வீடுகளில் இரண்டு மொழி. என் மனைவி ராயக்கோட்டைக்கு அப்பால் பிறந்தவள். அவர்கள் வீட்டில் தெலுங்கு. கல்யாணமான இரண்டு வருடத்தில் நானும் கற்றுக்கொண்டேன். மகனுக்குத் தமிழ் போதும் என்று விட்டுவிட்டோம். அதில் ஒரு வசதி இருந்தது. நகையை அடகு வைப்பது, உறவுக்காரன் எப்போது கிளம்புவான் என்று கேட்பது, பையனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது எல்லாவற்றையும் அவன் எதிரிலேயே தெலுங்கில் பேசி முடித்துவிடுவோம். இப்படிப்பட்ட வீடுகளில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு: பேச்சு நடுவில் மொழி மாறினால், விஷயம் அங்கே உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பற்றியது.

மகனும் மருமகளும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கொரோனா வந்ததிலிருந்து எங்கள் மாடியிலேயே இருந்து வேலை செய்கிறார்கள். மாதத்துக்கு இரண்டு முறை அலுவலகம் போய் வருவார்கள். அதுவரை கீழே சாப்பிட வந்தால் தமிழில்தான் பேசுவார்கள். அன்று மாறிவிட்டது.

சாப்பிட்டு அவர்கள் மேலே போனதும் மனைவியிடம் தெலுங்கில் சொன்னேன், உன் காலைப் பற்றி ஏதோ சதி நடக்கிறது, ஜாக்கிரதையாக இரு என்று. அவள், எனக்கென்ன தெரியும், இங்கிலீஷ் படித்தவர் நீங்கள்தானே என்றாள்.

முதலில் என் காதைச் சந்தேகப்பட்டேன். புதன்கிழமை தருமபுரிக்குப் போய்க் காது மருத்துவரிடம் காட்டினேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். எழுபத்திரண்டு வயதுக்கு இந்தக் காது அதிசயம் என்றார் மருத்துவர். அப்படியென்றால் குறை என் காதில் இல்லை, அவர்கள் வாயில்.

அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறக்காமல் கேட்டேன். மூன்று வேளையும் அந்த அரைவாய் இங்கிலீஷ்தான். திரும்பத் திரும்ப வந்த சில ஒலிகளை மனத்தில் பிடித்து வைத்தேன். கொன்னா. காட்டா. வான்னா. லெம்மி. டன்னோ. நான் படித்த எந்த அகராதியிலும் இவற்றைப் பார்த்த நினைவில்லை. முதல் சொல் என் தமிழ்க் காதில் ‘கொன்றால்’ என்றே விழுந்தது.

நிலத்தைத் திருடுகிறவன் ஒரே நாளில் வேலியைத் தள்ளிப் போடமாட்டான். ஒவ்வொரு உழவிலும் வரப்பில் ஒரு சால் உள்ளே வருவான். பத்து வருடம் கழித்து அளந்து பார்த்தால் ஆறு சென்ட் காணாமல் போயிருக்கும். இப்படி எத்தனை வரப்பைப் பார்த்திருக்கிறேன். சொல்லில் ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று கடித்துத் தின்கிறவர்களைப் பார்த்ததும் எனக்கு அந்த வரப்புத்தான் ஞாபகம் வந்தது.

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு அருகே உரக்கடைக்கு மேல் மாடியில் ஒரு பேச்சு இங்கிலீஷ் வகுப்பு நடப்பதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு நாள் பயிற்சி, ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஆகஸ்ட் 19 திங்கள்கிழமை போய்ச் சேர்ந்தேன். வீட்டில் எல்லோருக்கும் தக்காளி விலை பார்த்து வருகிறேன் என்று சொன்னேன். எங்களுக்குத் தக்காளித் தோட்டம் கிடையாது. ஆனாலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

வகுப்பில் என்னைச் சேர்க்காமல் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் ஓசூர் தொழிற்சாலைகளுக்கு நேர்காணல் போகிற பையன்களும் பெண்களும். சொல்லிக்கொடுத்தவர் பெங்களூரில் வெளிநாட்டுக்காரர்களின் போன் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலையில் ஏழு வருடம் இருந்துவிட்டுக் குழந்தை பிறந்ததும் ஊருக்கு வந்த பெண். முதல் நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னாலிருந்த பையன் திரும்பிப் பார்த்தான்.

“தாத்தா, நீங்க எந்தக் கம்பெனிக்கு இன்டர்வியூ போறீங்க?”

“எங்கூட்டுக்கு” என்றேன்.

அவன் பக்கத்திலிருந்தவனிடம், “அங்கதான்டா கஷ்டம், செலக்டே பண்ணமாட்டாங்க” என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண்ணிடம் என் ஒலிகளைச் சொன்னேன். எங்கே கேட்டீர்கள் என்று அவர் கேட்டார். பஸ்ஸில் என்று சொல்லிவிட்டேன். பலகையில் ஒவ்வொன்றையும் எழுதி விரித்துக் காட்டினார். செய்யப் போகிறேன் என்பதில் வருகிற இரண்டு சொல்லைச் சேர்த்து மென்றால் கொன்னா. செய்தே ஆக வேண்டும் என்பது காட்டா. ஆசைப்படுவது வான்னா. எனக்குத் தெரியாது என்பது டன்னோ. என்னை விடு, நான் செய்கிறேன் என்பது லெம்மி. எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்களே. முப்பத்தாறு ஆண்டு என் கையில் புழங்கிய சொற்கள் பல் போய், முடி போய், அடையாளம் தெரியாமல் வந்து நின்றன.

இவ்வளவு கெடுத்துப் பேசுவது எதற்கு, ஒளிக்கத்தானே என்று கேட்டேன்.

“ஒளிக்கறதுக்கில்லைங்க ஐயா. வாய்க்குச் சோம்பல். எல்லா ஊரு வாய்க்கும் அதே சோம்பல்தான். வந்துகொண்டிருக்கிறார்கள்னு எழுதுவீங்க. வாயில என்ன சொல்வீங்க?”

“வந்துட்டிருக்காங்க.”

“எத்தன எழுத்து முழுங்குனீங்க, எண்ணிப் பாருங்க.”

எண்ணினேன். எழுதினால் பதின்மூன்று, பேசினால் பத்து. மூன்று எழுத்தை என் ஆயுள் முழுவதும் ஒவ்வொரு முறையும் விழுங்கியிருக்கிறேன், ஒருநாளும் உணரவில்லை. ஆனாலும் அவர் சொன்னதை முழுதாக நம்பவில்லை. வாய்ச் சோம்பல் என்றால் மூன்று வேளையும் என் எதிரில் மட்டும் ஏன் சோம்பல் வர வேண்டும்?

அவர் சொன்ன இன்னொன்று உதவியாக இருந்தது. சொல் சொல்லாகப் பிடிக்கப் பார்க்காதீர்கள், வாக்கியத்தை ஒரே மூச்சாகக் கேளுங்கள், அழுத்திச் சொல்வதை மட்டும் பிடியுங்கள், மற்றது தானாக வரும் என்றார். நான் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன். ஒரு கண்ணியையும் விடாமல் எண்ணுவது என் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கைவிட எனக்கு நாலு நாள் ஆயிற்று.

தினமும் மதியம் பஸ்ஸில் திரும்பி வருவேன். எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அன்றைய நிலவரத்தை மனைவிக்குத் தெலுங்கில் சொல்லிவிடுவேன். அவர்கள் எதிரிலேயே சொல்வதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. உங்களுக்கு ஒரு மொழி என்றால் எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. இன்று காலை இவன் சொன்னதில் பாதி விளங்கிவிட்டது, நடுவில் வந்த இரண்டு சொல் மட்டும் நழுவிவிட்டது என்று அந்த இரண்டு ஒலியையும் அவளிடம் சொல்லிக் காட்டுவேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, அப்படியா, அப்படியா என்பாள். மகன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பான்.

இரண்டாவது வாரம் என் முன்னேற்றம் எனக்கே வியப்பாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவர்கள் பேசியது ஏறக்குறைய முழுவதும் புரிந்தது. சேலத்தில் மருத்துவமனை. செப்டம்பர் 12, வியாழக்கிழமை. மகன் அக்டோபரில் வேறு கம்பெனிக்கு மாறப்போகிறான். பழைய கம்பெனியின் காப்பீட்டில் தாய் தகப்பனுக்கும் செலவு கிடைக்கும், புதியதில் கிடைக்காது. செப்டம்பர் முடிவதற்குள் செய்தாக வேண்டும், காட்டா, காட்டா என்று மூன்று முறை சொன்னான். நான் மோரைக் குடித்தபடி முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். 

அவர்கள் மாடியேறிய பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னோடு வேலை பார்த்தவர் நெஞ்சு நின்று போனதையும் இன்னொரு முறை சொன்னேன். உன் நெஞ்சை யார் பார்த்தார்கள், காலை மட்டும் பார்த்துக் கத்தி வைத்துவிடுவார்கள் என்றேன். அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலி பழகிவிட்டது, நடக்க முடியாததுதான் பழகவில்லை என்றாள். 

மறுநாள் காலை மருமகள் மகனிடம் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. முதலில் நெஞ்சைத்தான் பரிசோதிக்கப் போகிறார்கள், அதற்கென்று தனி மருத்துவர் வருகிறார், அவர் சரி என்றால்தான் காலைத் தொடுவார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று ராத்திரி நான் தெலுங்கில் கேட்ட கேள்விக்கு இன்று காலை இங்கிலீஷில் பதில் வருகிறது. தற்செயல் என்று நினைத்தேன்.

அன்று மதியம் தெலுங்கில் கேட்டேன், ஆஸ்பத்திரியில் உன்னோடு யார் இருப்பார்கள், இவர்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று. சாயங்காலம் காப்பி குடிக்கும்போது மகன் சொன்னான், கூட ஒருவர்தான் இருக்கலாமாம், அவர்தான் இருந்தாக வேண்டும், அவருக்கும் கட்டில் இருக்கிற அறையாகப் பார்த்து, லெம்மி, நானே பதிவு செய்துவிடுகிறேன் என்று. அவர் என்றது என்னை.

எவ்வளவு தந்திரக்காரர்கள், எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கோபம். ஆனால் கோபத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. நான் எதிர்ப்பதற்கு வைத்திருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தேன். ஐந்து காரணத்தில் ஒன்றுதான் மிச்சம். அது காரணமில்லை, பயம்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்தது. கீழே டீக்கடையில் அந்தப் பெண்ணோடு சேர்த்துப் பதினான்கு பேருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். முன் பெஞ்சுப் பையன் கேட்டான், “என்ன தாத்தா, செலக்ட் ஆயிட்டீங்களா?” நாளைக்குத்தான் நேர்காணல் என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்து மகன் எழுந்திருக்கப் போனான். உட்கார் என்றேன். ராத்திரியே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஓர் எழுத்தும் குறையாத முழு இங்கிலீஷில் சொன்னேன். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், என் அனுமதி இல்லாமல் அது நடக்காது.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மகன் என்னையே பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“நாக்கு தெல்சு, நாயனா.”

எனக்குத் தெரியும் அப்பா என்கிறான். தெலுங்கில். எங்கள் தெலுங்கில், அவன் அம்மா பிறந்த ஊர்க்காரர்கள் இழுக்கிற அதே இழுப்போடு.

 அடுப்படி வாசலிலிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்தே என்றான். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஒரு மாதம் மாமன் வீட்டில் விட்டுவிட்டு வந்தீர்களே அப்பா, அங்கே யார் தமிழ் பேசினார்கள் என்று கேட்டான். உண்மை. பத்து வருடம், பத்து மாதம். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை எண்ணவே இல்லை. நகை அடகு போனது, சித்தப்பா எப்போது கிளம்புவார் என்று கேட்டது எல்லாம் அவனுக்குத் தெரியும். இந்த மூன்று வாரம் நான் சாப்பாட்டு மேசையில் கொட்டியது அத்தனையும் தெரியும்.

“அப்ப இந்த அரைவாய் இங்கிலீஷ் யார் யோசனை?” என்று மருமகளைக் கேட்டேன்.

“அத்தைதான் மாமா” என்றாள்.

மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டாள். நாற்காலியை விட்டு எழவில்லை, எழுந்தால் வலிக்கும். இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

“நேரா வந்து சொன்னா என்ன சொல்வீங்க? வேண்டாம்பீங்க. அஞ்சு வருசமா அதத்தான சொன்னீங்க. முழு இங்கிலீஷ்ல பேசுனா ஒடனே புரிஞ்சிக்கிட்டு ஒடனே சண்டைக்கி வருவீங்க. அதனால அரகொறையாப் பேசுங்கன்னு நாந்தான் சொன்னேன். யாராச்சும் சொன்னா நீங்க கேக்கமாட்டீங்க. நீங்களாக் கண்டுபுடிச்சா அத வுடமாட்டீங்க. எத்தன வரப்புத் தகராறுல பாத்திருக்கறேன்.”

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

பிறகு மற்றதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எந்தச் சொல் நழுவியது என்று நான் அவளிடம் சொல்லிக் காட்டுவேன் அல்லவா, அடுத்த வேளை அதையே அவர்கள் நிறுத்திச் சொன்னார்களாம். நான் தெலுங்கில் கேட்ட கேள்விக்கெல்லாம் மகன் மருத்துவமனைக்குப் போன் போட்டுப் பதில் வாங்கி, மறுவேளைச் சாப்பாட்டில் தன் மனைவியோடு பேசுவது போலச் சொன்னானாம். அவர்கள் இல்லாதபோது நான் கேட்டதை என் மனைவி போனில் மாடிக்குச் சொல்லிவிடுவாளாம். தக்காளி விலை பார்க்க நான் எங்கே போகிறேன் என்பதும் முதல் நாளே தெரியுமாம். எதிர் வீட்டுக்காரர் உரம் வாங்கப் போனபோது மாடிப்படியில் என்னைப் பார்த்திருக்கிறார். ஆக, இரண்டாவது வாரம் நான் கண்ட முன்னேற்றத்தில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அவர்கள் எனக்காகக் குறைத்துக்கொண்ட வேகம் என்பது இன்றுவரை தெரியவில்லை.

சதி நடக்கிறது என்று நான் நினைத்தது சரி. யார் தலைவர் என்பதில்தான் கோட்டை விட்டேன்.

“பயமா இருக்குது” என்றேன். தமிழில்தான் சொன்னேன். அதற்கு மேல் ஒளிப்பதற்கு என்னிடம் மொழி இல்லை.

“எனக்கும்தான் இருக்குது” என்றாள். “ஆனா அந்த பஸ்ல ஏறணும்.”

நான் எழுந்து நாள்காட்டியைப் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி ஆவணிக்குள்தான் வந்தது, நல்ல மாதம். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மகனிடம் கேட்டேன். அவன் அந்த மணியை ஓர் எழுத்து விடாமல் முழுத் தமிழில் சொன்னான்.

அறுவை நடந்த அன்று சேலத்தில் வெயில் கடுமை. நானும் மகனும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அறுவை அறைக் கதவு திறந்து மூடியதை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழாவது முறை திறந்தபோது மருத்துவர் வந்தார். சின்ன வயது; முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு மகனைப் பார்த்து இங்கிலீஷில் மளமளவென்று பேசினார். அவருக்கு என் மனைவி எதுவும் சொல்லி வைத்திருக்க வழியில்லை. எனக்காக வேகத்தைக் குறைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. நான் எண்ணுவதை விட்டேன். சொல் சொல்லாகப் பிடிக்காமல் ஒரே மூச்சாகக் கேட்டேன்.

நல்லபடியாக முடிந்தது. நெஞ்சு சீராக இருக்கிறது. நாளைக்கு நடக்கப் போகிறார், கொன்னா வாக். கடைசியில் ஒரு கேள்வி: வான்னா சீ ஹர்?

எனக்குச் சொல்வதற்காக மகன் என் பக்கம் திரும்பினான். அதற்குள் நான் எழுந்து கதவை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தேன்.

நடந்தாள். மறுநாள் நாலு அடி, கைப்பிடிச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு. வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சி சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வந்தார். வலியில் அவரைத் தெலுங்கில் திட்டுவாள். அவருக்குத் தெலுங்கு தெரியாது என்று மகன்தான் விசாரித்துச் சொன்னான். ஐப்பசி கடைசியில் பின்வாசல் மூன்று படியையும் முன்பக்கம் பார்த்தபடியே இறங்கினாள்.

கார்த்திகையில் ஒரு திங்கள்கிழமை, பாலக்கோட்டுக்கு டவுன் பஸ் ஏறினோம். முந்தின நாள் மழை பெய்து நிலையமெல்லாம் சேறு. படி ஈரமாக இருந்தது. நான் முன்னால் ஏறித் திரும்பிக் கையை நீட்டினேன். அவள் கையைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, “லெம்மி” என்றாள்.

கையை இழுத்துக்கொண்டேன். வலது காலைத் தூக்கி வைத்தாள். ஏறினாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை.

நடத்துநர் அவளுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “பெருசு, நீங்க பதினஞ்சு எடுங்க” என்றார். அந்தச் சீட்டை அவள் நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். சன்னலோரம் உட்கார்ந்து, அடுக்கி வைத்த தக்காளிக் கூடைகளையும் கரும்பு டிராக்டர்களையும் புதிதாகப் பார்க்கிறவளைப் போலப் பார்த்துக்கொண்டு வந்தாள். உரக்கடை மாடியைக் காட்டினேன். இதற்குத்தான் அவ்வளவு செலவு பண்ணினீர்களா என்று கேட்டாள். எவ்வளவு என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னாள்.

அவளிடம் சொல்லவில்லை. அறுவைச் செலவு காப்பீட்டில் போய்விட்டது, அது என் கணக்கில் வராது. காது பார்த்தது, பயிற்சி, பஸ், அந்தப் பதினான்கு டீ, அன்றைக்கு எனக்கு மட்டும் போக வர முப்பது எல்லாம் சேர்த்து, மூன்று சொல்லில் ஆரம்பித்த இந்த விவகாரம் எனக்கு வைத்த செலவு இரண்டாயிரத்து எண்ணூற்று இருபத்தெட்டு ரூபாய்.